நோ மாஸ்... போதும்டா சாமி!

"சார்பட்டா பரம்பரை" 2021ல் வந்த சமயம், டீக்கடை, ஆபீஸ், வாட்ஸப் குரூப்னு எங்க பார்த்தாலும் டான்ஸிங் ரோஸ் பேச்சுதான். கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, முகத்தை நீட்டி "அடிடா பாக்கலாம்"னு காட்டிட்டு, எதிராளி குத்தும்போது அங்க இல்லாம போயிடற ஆள். படத்துல அவன் கபிலன்கிட்ட தோத்துப் போயிடுவான். ஆனா நிஜத்துல ஒரு டான்ஸிங் ரோஸ் ஜெயிச்சா எப்படி இருக்கும்? எதிர்ல நிக்கிறவன் கதி என்ன?

அதுக்கு ஒரு அசல் கதை இருக்கு. 1980 நவம்பர் 25. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரம், சூப்பர்டோம் அரங்கம். உலக சாம்பியன் ரொபர்ட்டோ டூரான், அஞ்சு மாசம் முன்னாடி தான் தோற்கடிச்ச சுகர் ரே லியோனார்டோட மறுபடி மோதுகிறார். எட்டாவது ரவுண்டு முடிய 16 வினாடிதான் பாக்கி. டூரான் திடீர்னு திரும்பி முதுகைக் காட்டி, கையை வீசி "போதும்"ங்கற மாதிரி சைகை பண்ணிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டார். ரெஃப்ரிக்கே புரியலை. லியோனார்டுக்கும் புரியாம ஓடிவந்து வயித்துல இன்னும் ரெண்டு குத்து விட்டார். டூரான் திருப்பி அடிக்கலை. சண்டை முடிஞ்சுது. பட்டம் போச்சு.

உடம்புல ரத்தம் இல்ல. கீழே விழவே இல்ல. கண்ணு வீங்கலை. அப்புறம் ஏன்?

நண்பர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னப்போ "பயந்தாங்கொள்ளி" என்று ஒரே வார்த்தையில் முடிச்சுட்டார். எனக்கு அது ஒத்துக்கலை. டூரானைப் பற்றி என்ன வேணாலும் சொல்லலாம், பயந்தாங்கொள்ளின்னு மட்டும் சொல்ல முடியாது. அதான் இந்த நீ...ளமான பதிவு. காபி டீ ஏதாவது எடுத்துக்கிட்டு உட்காருங்க :-)

யாரு சாமி இவன்?

டூரான் பிறந்தது 1951 ஜூன் 16, பனாமா நாட்டில். வளர்ந்தது பனாமா சிட்டியில் எல் சோரில்லோங்கற ஏழைப் பகுதி. பக்கத்துலயே கால்வாய்ப் பகுதி, அங்க அமெரிக்காக்காரன் ராஜ்ஜியம். இந்தப் பக்கம் சேரி, அந்தப் பக்கம் வேலி போட்ட பளபள வாழ்க்கை. அந்தப் பகுதியைத் திருப்பிக் கொடுக்கறதா அமெரிக்கா ஒப்பந்தம் போட்டதே 1977ல்தான். அப்படிப்பட்ட நாட்டுல ஒருத்தன் அமெரிக்கா போய் அமெரிக்காக்காரனையே அடிச்சுட்டு வந்தா அவனை எப்படிக் கொண்டாடுவாங்கன்னு நான் சொல்லணுமா?

அவருக்குப் பட்டப் பேரே "மானோஸ் தெ பியெத்ரா". கல்லுக் கைகள்னு அர்த்தம். 1972 ஜூன் 26ல் நியூயார்க்கில் ஸ்காட்லாந்துக்காரர் கென் புக்கானனை அடிச்சு லைட்வெயிட் பட்டம் வாங்கினார். அந்தச் சண்டையின் கடைசி அடி இடுப்புக்குக் கீழே விழுந்ததுன்னு இன்னைக்கு வரைக்கும் தகராறு. புக்கானன் ரீமேட்ச் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார். கிடைக்கவே இல்ல. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

லியோனார்டோட முதல் தடவை மோதறப்போ டூரான் கணக்கு: 71 வெற்றி, 1 தோல்வி. அந்த ஒரு தோல்வி எஸ்தபான் தெ ஹெசூஸ் என்பவரிடம். அவரை அப்புறம் ரெண்டு தடவை நாக்அவுட் பண்ணிக் கணக்கை நேர் பண்ணிட்டார். ஆக, அடி வாங்கிட்டு ஓடற ஜாதி இல்ல.

லியோனார்டு நேர் எதிர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் தங்கம், அழகான சிரிப்பு, டிவி விளம்பரம், 27 சண்டையில் 27 வெற்றி. அமெரிக்காவின் செல்லப்பிள்ளை.

முதல் சண்டை: வாயால் ஜெயித்தது

1980 ஜூன் 20, அதே மாண்ட்ரியல். சண்டைக்கு முந்தின நாட்கள்ல டூரான், லியோனார்டைப் பார்க்கற இடத்துல எல்லாம் கெட்ட வார்த்தை. பொண்டாட்டி முன்னாடியே திட்டு. அவர் ஆம்பளையான்னே கேள்வி. லியோனார்டுக்குக் கோபம் தலைக்கேறிப் போச்சு. விளைவு? தன்னோட பலம் காலும் வேகமும்கறதையே மறந்துட்டு, "வாடா, உன் பாணியிலயே உன்னை அடிக்கறேன்"னு 15 ரவுண்டும் நெஞ்சோட நெஞ்சு மோதினார். டூரானுக்கு அல்வா. பாயிண்ட்ஸில் டூரான் ஜெயிச்சார், அதுவும் ரொம்ப நெருக்கமா.

இதுல ஒரு விஷயம். முதல் சண்டையை டூரான் ஜெயிச்சதுல பாதி கையால, பாதி வாயால. எதிராளியின் ரோஷத்தைக் கிளப்பி, அவனை அவன் புத்தியிலேர்ந்து வெளியே இழுத்துட்டார். ரோஷம் ஒரு ஆயுதம்னா, அன்னைக்குக் கைப்பிடி டூரான்கிட்ட, முனை லியோனார்டுகிட்ட.

அஞ்சு மாசம் கழிச்சு அப்படியே திரும்பிடுச்சு.

ரீமேட்ச்

முதல் சண்டை முடிஞ்சதும் டூரான் பனாமாவுல ராஜா. பார்ட்டி, சாப்பாடு, குடி, கூட ஒரு பட்டாளம். உடம்பு ஏகத்துக்கும் ஏறிடுச்சு. லியோனார்டு தரப்புக்கு இது தெரியும். அதனாலதான் சீக்கிரமே ரீமேட்ச் வேணும்னு நெருக்கினாங்க, லியோனார்டு பின்னாட்களில் இதை மறைக்கவும் இல்ல. டூரானுக்குப் பேசின தொகை சுமார் 80 லட்சம் டாலர். 1980ல்! யார் வேண்டாம்னு சொல்லுவா? ஆக, ஜூன் 20லேர்ந்து நவம்பர் 25, மொத்தம் 158 நாள். அதுக்குள்ள கொண்டாடவும் வேணும், ஏத்தின எடையை இறக்கவும் வேணும். பதினஞ்சு கிலோவுக்கு மேல் இறக்க வேண்டியிருந்ததாச் சொல்றாங்க. எடை பார்த்து முடிச்சதும் காஞ்ச வயித்துல கண்டபடி ஸ்டேக்கா வெட்டினதாவும் ஒரு தகவல்.

சண்டை ஆரம்பத்துலயே வேற மாதிரி. தேசபக்திப் பாட்டு பாட வந்தவர் ரே சார்லஸ், பார்வையற்ற அந்த மாபெரும் பாடகர். லியோனார்டோட முழுப் பேரே ரே சார்லஸ் லியோனார்டு, அவர் பேரைத்தான் அம்மா வெச்சாங்க. அதைக் கேட்டு லியோனார்டு குதிச்சுக்கிட்டே நிக்கறார். டூரான் முகத்துல ஒண்ணும் இல்ல.

இந்தத் தடவை லியோனார்டு நிக்கவே இல்ல. சுத்தி சுத்தி ஆடறார். டூரான் துரத்தறார், கயித்துல மடக்கப் பார்க்கறார், ஆள் அங்க இல்ல. ஏழாவது ரவுண்டுலதான் கூத்து. லியோனார்டு தாடையை நீட்டிக் காட்டறார். தோளைக் குலுக்கறார். வலது கையை ராட்டினம் மாதிரி சுத்தோ சுத்துன்னு சுத்திக் காட்டறார். டூரான் கண்ணு அந்த வலது கையிலயே இருக்கும்போது, இடது கையால மூஞ்சியில ஒரு குத்து. அரங்கமே சிரிச்சுது.

குத்து ஒண்ணும் பெரிய குத்து இல்ல. சிரிப்புதான் பெரிசு.

அடுத்த ரவுண்டுல, 2 நிமிஷம் 44வது வினாடியில், டூரான் முதுகைக் காட்டினார். மெக்சிகோக்கார ரெஃப்ரி ஒக்தாவியோ மெய்ரான்கிட்ட "நோ மாஸ்"னு சொன்னதாத்தான் உலகம் பூரா செய்தி. ஸ்பானிஷ்ல "இனி வேண்டாம், போதும்". டூரான் சாகற வரைக்கும் ஒத்துக்க மாட்டார் போல. நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்ல, இந்தக் கோமாளியோட சண்டை போட மாட்டேன்னுதான் சொன்னேன்ங்கறது அவர் கட்சி.

எனக்கென்னவோ, அவர் சொன்னதா அவரே சொல்ற வாக்கியத்துலதான் பதில் இருக்குன்னு தோணுது.

ஏன்? ஏன்? ஏன்?

அவர் சொன்ன காரணம் வயித்து வலி. எடையை அவசரமா இறக்கி, உடனே வயிறு முட்டத் தின்னா பிடிச்சு இழுக்கத்தான் செய்யும், நம்பலாம். ஆனா இதுக்கு முன்னாடி எத்தனையோ வலியைத் தாங்கினவர். பத்து வருஷத்துக்கு மேல கைய மடக்கிக் காசு பார்த்தவருக்கு வயித்துப் பிடிப்பெல்லாம் ஒரு வலியா? வலி இருந்திருக்கும். அது மட்டுமே காரணமா இருக்காது.

ரெண்டாவது, பணம். தோத்தாலும் காசு வந்துடும், மூணாவது சண்டைன்னு ஒண்ணு வெச்சா இன்னும் காசு, அதனால விட்டுட்டார்னு ஒரு கட்சி. ஆனா அப்படிக் கணக்குப் போடறவன் 16 வினாடி பொறுத்திருப்பான். பெல் அடிச்சதும் மூலைக்குப் போய் ஸ்டூல்ல உட்கார்ந்து, தோளைப் பிடிச்சுக்கிட்டு முகத்தைச் சுளிச்சிருந்தா முடிஞ்சுது. கணக்குப் போட்டு செய்யற வேலை இல்ல இது.

மூணாவது, தோத்துடுவோம்ங்கற பயம். இதைத்தான் நண்பர் சொன்னார். ஆனா சண்டை நின்னப்போ நடுவர்கள் சீட்டுல என்ன இருந்தது தெரியுமா? ரெண்டு பேர் 68-66, ஒருத்தர் 67-66. லியோனார்டு முன்னிலை ஒரே ஒரு புள்ளி, இல்ல ரெண்டு புள்ளி. பாக்கி இன்னும் ஏழு ரவுண்டு முழுசா இருக்கு! டூரான் மாதிரி ஆளுக்கு ஏழு ரவுண்டுங்கறது ஒரு யுகம்.

ஆக, அவர் தோத்துக்கிட்டு இருக்கலை. அவரைப் பார்த்து சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ரெண்டும் வேற வேற.

தோல்விக்குப் பழகினவன் உண்டு. அடிக்குப் பழகினவன் உண்டு. கேலிக்குப் பழகினவன் யாரு? அதுவும் எல்லாரையும் பயமுறுத்தியே பொழைச்ச ஒருத்தன். நம்ம ஊர்ல பெரிய ரவுடிகளைப் பார்த்திருப்பீங்க, கத்தியைக் காட்டினா அசர மாட்டான், ஆனா நாலு பேர் நடுவுல யாராவது அவன் நடையைப் பார்த்து சிரிச்சுட்டா மூஞ்சி செத்துப் போயிடும். டூரானுக்கு ஆயுதம் மிரட்டல். மிரட்டல்ங்கறது எதிராளி மிரளற வரைக்கும்தான் ஆயுதம். அவன் சிரிச்சுட்டா கையில ஒண்ணும் இல்ல.

வட சென்னைக் குத்துச்சண்டையை "ரோஷமான ஆட்டம்"னு சொல்வாங்க. நல்ல வார்த்தை. ரோஷம் இருந்தா மனுஷன் எழுந்து நிப்பான்னுதான் நாம நினைக்கறோம். ரோஷம் முத்திப் போனா "இந்த ஆட்டமே எனக்கு வேணாம் போடா"ன்னு பந்தை எறிஞ்சுட்டுப் போக வைக்கும்ங்கறதை மறந்துடறோம். கேரம் போர்டைக் கவுத்துட்டு எழுந்து போறவனை எல்லாரும் பார்த்திருப்போம். அவன் பயந்தா போனான்?

நாலாவது ஒண்ணும் இருக்கு. ரீமேட்சுங்கறதே ஜெயிச்சவனுக்கு ஒரு பொறி. தோத்தவன் அஞ்சு மாசமா ராத்திரி தூங்காம "எங்க விட்டோம்"னு யோசிச்சுக்கிட்டிருப்பான். ஜெயிச்சவனுக்கு யோசிக்க என்ன இருக்கு? "நான் பெரியவன், அதான் ஜெயிச்சேன்." தோத்தவன் பழைய கேள்வித்தாளைக் கரைச்சுக் குடிச்சுட்டு வர்றான். ஜெயிச்சவன் பழைய மார்க் ஷீட்டைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு வர்றான். புக்கானனுக்கு ரீமேட்ச் கொடுக்காம இழுத்தடிச்ச டூரான் தரப்புக்கு இந்த ஆபத்து ஒருகாலத்துல நல்லாவே தெரிஞ்சிருந்தது போலிருக்கு. 80 லட்சம் டாலர் மறக்க வெச்சுடுச்சு.

சொல்தா தாத்தாவும் செர்தானும்

எங்க தெருவுல முன்னாடி ஒரு சொல்தா தாத்தா இருந்தார். (வெளியூர்க்காரங்களுக்கு: பிரெஞ்சுப் பட்டாளத்துல வேலை பார்த்துட்டு வந்து பென்ஷன் வாங்கறவங்களைப் பாண்டிச்சேரியில சொல்தான்னுதான் சொல்லுவோம்.) அல்ஜீரியாவுல இருந்தவர். சாயங்காலம் ரெண்டு கிளாஸ் உள்ளே போனா மர்செல் செர்தான் கதையை ஆரம்பிச்சுடுவார். எங்களுக்கு முகமது அலி எப்படியோ, அவருக்கு செர்தான்.

செர்தான் அல்ஜீரியாவில் சிதி பெல் அப்பெஸ் என்ற ஊர்ல பிறந்தவர், 1916ல். 1948 செப்டம்பரில் டோனி ஜேலை அடிச்சு மிடில்வெயிட் உலக சாம்பியன் ஆனார். பிரான்ஸே தலையில தூக்கி வெச்சு ஆடிச்சு. அப்போ புதுச்சேரியும் பிரான்ஸ்தானே, 1954 நவம்பர் 1 வரைக்கும். அந்தக் கணக்குல அவர் "நம்ம" சாம்பியன் :-)

1949 ஜூன் 16, டெட்ராய்ட். ஜேக் லமோட்டாவோட மோதல். முதல் ரவுண்டுலயே கீழே தள்ளப்பட்டதில் தோள் போயிடுச்சு. ஒத்தைக் கையால ஒன்பது ரவுண்டு ஆடினார். பத்தாவது ரவுண்டுக்கு எழுந்து வரலை. சாம்பியன், பாதியில் விட்டார்.

அவரை யாராவது பயந்தாங்கொள்ளின்னு சொன்னாங்களா? இல்லவே இல்ல. ரீமேட்ச் பேசி, அது லமோட்டாவுக்கு அடிபட்டதுல தள்ளிப்போய், கடைசியில அக்டோபர் மாசம் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். நியூயார்க்கில் அவருக்காகக் காத்திருந்தவர் பாடகி எதித் பியாஃப். 1949 அக்டோபர் 28, விமானம் அசோர்ஸ் தீவுல மலையில மோதி, இருந்த 48 பேரும் போயிட்டாங்க. இந்த இடம் வந்தா சொல்தா தாத்தா பேச்சை நிறுத்திடுவார். நடக்காமப் போன அந்த ரீமேட்ச்ல செர்தான் நிச்சயம் ஜெயிச்சிருப்பார்ங்கறதுல அவருக்கு சந்தேகமே கிடையாது.

(தேதிப் பைத்தியங்களுக்கு ஒரு கொசுறு: செர்தான் விட்டது ஜூன் 16. டூரான் பிறந்தது ஜூன் 16. சும்மா சொல்லி வெச்சேன்.)

செர்தான் விட்டா காவியம், டூரான் விட்டா கேலிக்கூத்து. என்ன வித்தியாசம்? தோள். கண்ணுக்குத் தெரியற, டாக்டர் எழுதித் தரக்கூடிய ஒரு காரணம். அதோட ஸ்டூல். உட்கார்ந்த இடத்துலேர்ந்து எழுந்திருக்காம இருக்கறது வேற, நின்ன இடத்துலேர்ந்து நடந்து போறது வேற.

ஆனா தோள் இருந்தாலும் தப்பிக்க முடியாதவங்க உண்டு. சானி லிஸ்டன், 1964 பிப்ரவரி 25ல் மயாமி பீச்சில் கேஷியஸ் க்ளேகிட்ட (அப்புறம் முகமது அலி) ஏழாவது ரவுண்டுக்கு எழுந்து வரலை. தோள் வலின்னார். ஊர் நம்பலை, "குப்புற விழுந்தும் மீசையில மண் ஒட்டலை"ங்கற கதைதான்னு சிரிச்சுது. 2000 ஏப்ரல் 1ல் பெர்லினில் விட்டாலி கிளிச்கோ, கிறிஸ் பைர்டோட சண்டையில் பாயிண்ட்ஸில் நல்ல முன்னிலை. ஒன்பது ரவுண்டு முடிஞ்சு தோள் கிழிஞ்சு போய் விட்டுட்டார். உடனே "தைரியம் இல்லாதவன்" முத்திரை. மூணு வருஷம் கழிச்சு லெனாக்ஸ் லூயிஸோட சண்டையில் முகமே கிழிஞ்சு தொங்க, நான் ஆடுவேன்னு அடம் பிடிச்சார். டாக்டர்தான் நிறுத்தினார். தோத்தார், ஆனா அன்னைக்குத்தான் ஜனங்க கைதட்டினாங்க. அப்புறம் மறுபடி சாம்பியன் ஆகி, 2014ல் கீவ் நகர மேயராவும் ஆனார்.

நமக்கு என்ன வேணும்னு பாருங்க. ஜெயிச்சுக்கிட்டு இருந்தவன் புத்திசாலித்தனமா நிறுத்தினா கோழை. தோத்தவன் முகம் கிழிஞ்சு நின்னா வீரன்.

விடாதவங்க கதை

அதே 1980. வருஷ ஆரம்பத்துல முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சிப் போட்டி, முதல்வர் எம்ஜியாரும் வந்திருந்தார். அந்தக் கதையைச் சொல்ற பெரியவங்க இன்னும் இருக்காங்க. அதே வருஷம் அக்டோபர் 2, லாஸ் வேகஸில் 38 வயசு அலி, லேரி ஹோம்ஸோட மோதினார். மோதினார்னு சொல்றது தப்பு, நின்னார். பத்து ரவுண்டு வாங்கினார். அலி விடலை. பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீதான் போதும்னு நிறுத்தினார். 1984ல் அலிக்கு பார்கின்சன் நோய்னு கண்டுபிடிச்சாங்க. எந்த அடியால எது வந்ததுன்னு நான் டாக்டர் இல்ல. ஆனா அந்தச் சண்டையோட வீடியோவை என்னால முழுசாப் பார்க்க முடியலை.

இன்னும் பின்னாடி போங்க. 1962 மார்ச் 24, நியூயார்க். பென்னி பாரெட், எமில் கிரிஃபித். ரெண்டு பேருக்கும் மூணாவது சண்டை, சாம்பியன் பாரெட். எடை பார்க்கும்போது பாரெட், கிரிஃபித்தோட ஆண்மையைக் கேவலமா கிண்டல் பண்ணிட்டார். கேலிக்கு டூரான் காட்டினது முதுகு. கிரிஃபித் காட்டினது வேற. பன்னெண்டாவது ரவுண்டுல மூலையில சிக்கின பாரெட்டை விடாம அடிச்சார். பாரெட் கீழேயும் விழலை, ரெஃப்ரி நிறுத்தவும் நேரமாச்சு. நினைவு திரும்பாமலே பத்து நாள்ல பாரெட் செத்துப் போனார்.

1982 நவம்பர் 13, லாஸ் வேகஸ். கொரியாவின் கிம் டுக் கூ, ரே மான்சினியோட 14வது ரவுண்டு வரைக்கும் விடாம ஆடினார். சில நாள்ல உயிர் போச்சு. அதுக்கப்புறம்தான் 15 ரவுண்டுங்கறதை 12 ஆக்கினாங்க. நோ மாஸ் நடந்து ரெண்டு வருஷம் கூட ஆகலை. ஒருத்தன் போதும்னு சொன்னதுக்கு உலகமே சிரிச்சுது. இன்னொருத்தன் போதும்னு சொல்லலை.

இதனாலதான் கார்னர்ல ஒரு வாத்தியார் வேணும்ங்கறது. 1975 மணிலாவில் அலியோட மூணாவது சண்டை. ஜோ ஃப்ரேசியருக்கு ரெண்டு கண்ணும் ஏறக்குறைய மூடிப்போச்சு, 14 ரவுண்டு முடிஞ்சாச்சு, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். ஃப்ரேசியர் நான் போவேன்ங்கறார். வாத்தியார் எடி ஃபட்ச் தோளைப் பிடிச்சு உட்கார வெச்சுட்டார். ஃபட்ச் வளையத்துல ஆள் சாகறதைக் கண்ணால பார்த்தவர். போதும்ங்கற வார்த்தையை ஆட்டக்காரன் வாயிலேர்ந்து வரவிடாம, தான் வாங்கிக்கிட்டார். வாத்தியார் வேலையே அதான். ஃப்ரேசியருக்குக் கெட்ட பேரும் இல்ல, உயிரும் மிச்சம்.

டூரான் மூலையில 81 வயசு ரே ஆர்செல் இருந்தார், அந்தத் தொழில்லயே பெரிய கை. ஆனா டூரான் மூலைக்கு வரவே இல்லையே! நடு மேடையில, தனியா, யாரையும் கேக்காம. அந்த 16 வினாடி பொறுத்து வந்து உட்கார்ந்திருந்தா, வாத்தியார் ஒண்ணு தலையில தண்ணியை ஊத்தித் திட்டி அனுப்பியிருப்பார், இல்லேன்னா கௌரவமா முடிச்சு வெச்சிருப்பார்.

அக்கா பையன் கேட்ட கேள்வி

அக்கா பையன் போன வருஷத்துலேர்ந்து பாக்ஸிங் கத்துக்கறான். பத்தாவது படிக்கிறான். ஒரு நாள் இந்த வீடியோவைக் காட்டிக்கிட்டு இருந்தப்போ கேட்டான், "மாமா, நடுவுல கையைத் தூக்கிட்டா அசிங்கமா?"

பெரியவங்க சொல்ற டயலாக்தான் எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எடுத்த காரியத்தை முடிக்கணும், ஆம்பளைன்னா நிக்கணும், இத்யாதி இத்யாதி. சமையல்கட்டுலேர்ந்து அக்கா காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறது தெரிஞ்சுது. அவ பையன் மூக்கு உடைஞ்சு வந்தா எனக்கு இந்த வீட்ல சோறு கிடையாது :-)

ஆனா அக்காவுக்குப் பயந்து சொல்லலை, நிஜமா யோசிச்சுத்தான் சொன்னேன். "வலிச்சா, தலை சுத்தினா, கண்ணு மங்கினா, உடனே தூக்குடா. ஒரு அசிங்கமும் இல்ல. எவன் சிரிச்சாலும் சிரிக்கட்டும். ஆனா எவனாவது சிரிச்சான்ங்கறதுக்காகத் தூக்காத. அந்த மாதிரி நேரத்துல பெல் அடிக்கற வரைக்கும் மட்டும் பொறுத்துக்கோ. உட்கார்ந்து தண்ணி குடிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணு."

"அவர் அப்படிப் பண்ணியிருந்தா ஜெயிச்சிருப்பாரா மாமா?"

"தோத்துத்தான் இருப்பார். பாயிண்ட்ஸ்ல தோத்திருப்பார். யாரும் இன்னைக்கு வரைக்கும் பேசிக்கிட்டிருக்க மாட்டாங்க."

அப்புறம்?

பனாமா அவரைத் திட்டித் தீர்த்தது. கொண்டாடின அதே ஜனங்கதான். ஆனா கதை அங்க முடியலை, அதுக்காகத்தான் எனக்கு இந்த மனுஷனைப் பிடிக்கும். 1983 ஜூன் 16, நியூயார்க், சரியா 32வது பிறந்த நாள். டேவி மூர்ங்கற இளம் சாம்பியனை நையப் புடைச்சு மூணாவது எடைப் பிரிவுல பட்டம். (பார்த்தீங்களா, மறுபடி ஜூன் 16!) அரங்கமே எழுந்து பிறந்த நாள் வாழ்த்து பாட, அழுதார். அதே வருஷம் மார்வின் ஹேக்லரோட 15 ரவுண்டு நின்னு தோத்தார், ஒரு அடி பின்வாங்கலை. 1989 பிப்ரவரியில், 37 வயசுல, தன்னைவிட ரொம்பப் பெரிய உடம்புக்காரர் இரான் பார்க்லியை அடிச்சு நாலாவது பட்டம். அதே வருஷம் டிசம்பர்ல லியோனார்டோட மூணாவது சண்டை, பாயிண்ட்ஸ்ல தோல்வி, ஆனா கடைசி பெல் வரைக்கும் நின்னார். மொத்தம் 119 சண்டை, 103 வெற்றி.

இதுல எந்த வரியில பயந்தாங்கொள்ளி இருக்கான்?

119 சண்டை ஆடின ஒருத்தனை, அவன் சொல்லவே இல்லைன்னு சாதிக்கற ரெண்டு வார்த்தையால உலகம் ஞாபகம் வெச்சிருக்கு. பாரெட்டும் கிம்மும் சொல்லாமப் போன வார்த்தையும் அதேதான். அதைச் சரியான நேரத்துல சொல்றவனைப் பார்த்து நாம சிரிக்காம இருந்தா, எத்தனையோ பேர் சொல்லியிருப்பாங்களோ என்னவோ.

நண்பர் இன்னும் பயந்தாங்கொள்ளி கட்சியிலதான் இருக்கார். நீங்க எந்தக் கட்சி? பின்னூட்டத்துல சண்டைக்கு வாங்க. ஆனா பெல் அடிக்கற வரைக்கும் நிக்கணும், சொல்லிட்டேன் :-)